முறுக்குக் கவரை மாற்றுமுன் ரிட்டர்ன் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "மதுரை அனுப்பானடியில் முறுக்கு, சேவு, அப்பளம் தயாரிக்கிறோம். தேனி, திண்டுக்கல், விருதுநகர் வரை எங்கள் லைன் வண்டி போகிறது. பிளாஸ்டிக் கவர் விலை ஏறிக்கொண்டே போகிறது. வாங்குகிறவர்களும் 'இவ்வளவு பிளாஸ்டிக் எதற்கு' என்று கேட்கிறார்கள். பேப்பர் கவருக்கு மாறினால் கழிவு குறையுமா? பேக்கிங்கில் வேறு எங்கே மிச்சம் பிடிக்கலாம்?"

முறுக்குக்கும் சேவுக்கும் வெறும் பேப்பர் கவர் போட்டால் கழிவு கூடத்தான் செய்யும். எண்ணெய் பேப்பரில் ஊறும், காற்றிலுள்ள ஈரம் உள்ளே போகும், கடையில் ஒரு வாரம் தொங்கினாலே சரக்கு நமத்துத் திரும்பி வரும். ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி ரொம்ப முக்கியமானது. பேக்கிங்கில் மிச்சம் பிடிக்க நிறைய இடம் இருக்கிறது. தென் மாவட்டங்களில் உங்களைப் போன்ற சிறு உணவுத் தொழில்களுக்குப் பேக்கிங் லைன் அமைத்துக் கொடுப்பதே என் வேலை. நான் பார்த்தவரை, கவரைக் குறைப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட ரிட்டர்ன் சரக்கில், அதாவது கடையில் விற்காமல் திரும்பி வருவதில், யாரும் காட்டுவதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 கிராம் முறுக்குப் பாக்கெட், 20 செ.மீ. அகலம், 28 செ.மீ. நீளம், 60 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிலிம் என்றால் கவரின் எடை சுமார் 6 கிராம் வரும். தினம் 2,000 பாக்கெட் ஓடினால் 12 கிலோ பிலிம். கவர் நீளத்தில் ஒரு செ.மீ. குறைத்தால் நாளைக்கு 20 மீட்டர் பிலிம் மிச்சமாகும். எடையில் அது அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்றால் 6 கிலோமீட்டர் நீளம், கிட்டத்தட்ட 130 கிலோ. நல்ல மிச்சம்தான், செய்ய வேண்டியதுதான். இப்போது இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். நூற்றுக்கு இரண்டு பாக்கெட் ரிட்டர்ன் வந்தால் நாளைக்கு 40 பாக்கெட், அதாவது 8 கிலோ முறுக்கு. அந்த எட்டுக் கிலோவில் அரிசி இருக்கிறது, உளுந்து இருக்கிறது, எண்ணெய், கேஸ், பிழிந்தவர் கூலி, தேனி வரை போய்த் திரும்பிய டீசல் எல்லாம் இருக்கிறது. அதோடு அந்த 40 கவரும் குப்பைக்குப் போகிறது. கவரை மெலிதாக்குகிறேன் என்று போய் ரிட்டர்ன் நூற்றுக்கு மூன்றாக ஏறினால், பிலிமில் பிடித்த அரைக் கிலோவுக்குப் பதில் நான்கு கிலோ முறுக்கு கூடுதலாகப் போய்விடும்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது, வண்டியில் திரும்பி வரும் மூட்டையைப் பிரித்து ஏன் வந்தது என்று குவியல் குவியலாகப் பிரிப்பது. நமத்தது ஒரு பக்கம், காறல் வாடை அடிப்பது ஒரு பக்கம், நொறுங்கியது ஒரு பக்கம், தேதி கடந்தது ஒரு பக்கம். இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு. நான்கையும் ஒரே மூட்டையாக எடைபோட்டு மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளிவிட்டால் காரணம் கடைசிவரை தெரியாது.

நமத்த பாக்கெட்டுகளை எடுத்ததும் பிலிமைச் சந்தேகப்படாதீர்கள். சீலைப் பாருங்கள். ஒரு வாளி தண்ணீரில் பாக்கெட்டை முழுக்க அமுக்கி, இரண்டு கையாலும் மெதுவாக அழுத்துங்கள். சீல் விட்டிருந்தால் மூலையிலிருந்தோ நடு மடிப்பிலிருந்தோ குமிழி வரிசையாகக் கிளம்பும். அந்த இடத்தைக் கிழித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு சேவுத் துண்டோ, கடுகளவு தூளோ, எண்ணெய்ப் பிசுக்கோ சீலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். சரக்கு மேலிருந்து விழும்போது தூள் கொஞ்சம் பின்தங்கிப் பறந்து வருகிறது, அதற்குள் சீல் போடும் சூட்டுத் தாடை மூடிவிடுகிறது. இதற்கு விலை உயர்ந்த பிலிம் வாங்கிப் பயனில்லை. சரக்கைச் சல்லடையில் ஒரு தட்டு தட்டித் தூளைப் பிரித்துவிட்டு ஹாப்பரில் (இயந்திரத்தின் மேலுள்ள புனல் தொட்டியில்) கொட்டுவது, இயந்திரத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துத் தூள் விழ நேரம் கொடுப்பது, தாடையைப் பித்தளை பிரஷ்ஷால் துடைப்பது, இவ்வளவுதான். கால் மிதி சீலர் வைத்திருப்பவர்கள் சூட்டுக் கம்பியை மூடியிருக்கும் டெப்லான் துணியைப் பார்க்க வேண்டும். அது ஒரு இடத்தில் கருகித் தேய்ந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் சீல் பிடிக்காது. காலையில் ஓட்டம் ஆரம்பித்ததும், சாப்பாட்டுக்குப் பிறகும், ஒவ்வொரு ரோல் மாற்றத்துக்குப் பிறகும் சில பாக்கெட்டைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், அதுவே நமத்த குவியலைப் பெரிதும் குறைத்துவிடும்.

சீல் சரியாக இருந்தும் நமத்தால், பேக் செய்யும்போது முறுக்கு எவ்வளவு சூடாக இருந்தது என்று பாருங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே ஆவி வியர்த்து அந்த ஈரத்தை முறுக்கே குடிக்கும். அதற்காக ராத்திரி முழுக்கத் தட்டில் பரப்பி வைத்தால், ஐப்பசி கார்த்திகை மழைக் காற்றில் வெளி ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஆறியதும் அதே ஷிப்டில் கட்டிவிட வேண்டும். முடியாவிட்டால் மூடிபோட்ட டிரம்மில் வைக்க வேண்டும். பொரிக்கும் ஆளும் பேக்கிங் ஆளும் ஒரே கணக்கில் ஓடவேண்டும் என்பதால்தான் பேக்கிங்கை உற்பத்தியின் கடைசி வேலையாகத் தனியே பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு இடத்திலும் சொல்லி வருகிறேன்.

காறல் வாடை வேறு கதை. எண்ணெயைக் கெடுப்பது ஆக்சிஜன், வெளிச்சம், சூடு. பாலிபுரொப்பிலீன் கவர், அதாவது நாம் பிபி கவர் என்று சொல்வது, தண்ணீர் ஆவியை நன்றாகத் தடுக்கும். ஆக்சிஜனை அவ்வளவாகத் தடுக்காது. அதனால் ஆக்சிஜனை விரட்டச் சாதாரண பிபி கவரில் நைட்ரஜன் வாயு அடிப்பது பெரும்பாலும் வீண் செலவு. உள்ளே அடித்த வாயு நிற்காது, வெளிக் காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல உள்ளே வந்துவிடும். நைட்ரஜன் வேண்டுமானால் அதைத் தாங்கும் மெட்டலைஸ்டு பிலிமும், அதாவது மெல்லிய உலோகப் பூச்சுள்ள பிலிமும், வேண்டும், இரண்டும் ஜோடியாகத்தான் வேலை செய்யும். உங்கள் சரக்கு இரண்டு வாரத்தில் விற்றுத் தீர்கிறது என்றால் இரண்டுமே தேவைப்படாமல் போகலாம். கண்ணாடி மாதிரித் தெரியும் கவரைச் சரமாகப் பெட்டிக்கடை வாசலில் சித்திரை வெயிலில் தொங்கவிட்டால் காறல் சீக்கிரம் வரும் என்பதையும் கடைக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். அப்புறம், எண்ணெயே பலமுறை காய்ச்சிக் கெட்டதாக இருந்தால் எந்தக் கவரும் காப்பாற்றாது. பொரிக்கும் எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகிறவை) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. அதை அளக்கும் கருவி ஒன்று பட்டறையில் இருப்பது நல்லது.

நொறுங்கல் விஷயத்தில் ஒரு இழுபறி உண்டு. பாக்கெட்டுக்குள் காற்று அதிகம் விட்டால் முறுக்கு நொறுங்காது, ஆனால் ஒரு பெட்டியில் குறைவான பாக்கெட்தான் போகும், வண்டியும் காற்றைத்தான் சுமந்து போகும். காற்றைக் குறைத்தால் பெட்டியில் நிறைய அடங்கும், அடிப் பாக்கெட் மாவாகும். நடுவில் எங்கே நிற்பது என்பதை உங்கள் ரோடும் உங்கள் வண்டியும்தான் சொல்லும். பெட்டியை அடுக்குவதில் ஒரு தப்பு கிட்டத்தட்ட எல்லா கோடவுனிலும் நடக்கிறது. செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள், சரியாமல் நிற்கும் என்று. அட்டைப்பெட்டியின் பலம் அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. மூலைமேல் மூலை உட்கார்ந்தால்தான் அது சுமை தாங்கும். மாற்றி அடுக்கினால் தாங்கும் பலத்தில் பாதி வரைகூடப் போய்விடும். நேராக அடுக்கி, மேல் வரிசையை மட்டும் மாற்றி வைத்தோ கயிறு சுற்றியோ நிறுத்துங்கள். அட்டைக்குள் இருக்கும் அலைத் தாளின் வரிகள் மேலும் கீழுமாக நிற்க வேண்டும், படுக்கையாக வரக் கூடாது. தரையில் நேராக வைத்தால் அட்டை ஈரம் குடித்துத் தளரும், கீழே பலகை போடுங்கள். மூன்று பிளை (மூன்று அடுக்குத் தாள்) பெட்டி போதாது, ஐந்து பிளை வேண்டும் என்று முடிவெடுக்குமுன் இவற்றைச் சரிசெய்தால், பல இடங்களில் மூன்று பிளையே போதும் என்றாகிவிடும்.

அப்பளத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. முறுக்குக்குள் ஈரம் வரக் கூடாது. அப்பளத்திலோ இருக்கிற ஈரம் போகவும் கூடாது, கூடவும் கூடாது. அதிகம் காய்ந்தால் கை பட்டாலே உடையும். காயாமல் கட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். கவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காயவைத்த அளவு சரியில்லை என்றால் வீண்தான். உடைவதைத் தடுக்கக் கவரின் விட்டம் அப்பளத்தின் விட்டத்துக்கு ஒட்டி இருக்க வேண்டும். தளர்ந்த கவருக்குள் அடுக்கு ஆடும், ஆடினால் ஓரம் உதிரும்.

தேதி கடந்த குவியலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது பேக்கிங்கின் குறை இல்லை, எந்தக் கடையில் எவ்வளவு இறக்குகிறீர்கள் என்பதன் குறை. கோடவுனில் முதலில் வந்தது முதலில் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பட்டறைக்குள்ளேயே சேரும் கழிவு. வெளியே யார் கண்ணிலும் படாததால் இதை யாரும் கேட்பதில்லை. பிரிண்ட் செய்த ரோல்தான் இதில் பெரிய குற்றவாளி. பிலிம் ரோலில் அடிக்கும் கிராவியூர் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் படம் செதுக்கிய ஒரு சிலிண்டர், அதனால் அச்சடிப்பவர் குறைந்தபட்சம் இத்தனை கிலோ என்று கேட்பார். விலை மலிகிறது என்று ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியாகப் பெரிய ஆர்டர் போடுவோம். பிறகு விலை மாறும், முகவரி மாறும், லேபிள் விதி மாறும். மிச்ச ரோல் மூலையில் தூசி படியும். எல்லா வகைக்கும் பொதுவான ஒரே பிலிம் அச்சடித்துக்கொள்ளுங்கள். பெயர், நிறுவன விவரம், உரிம எண் அதில் இருக்கட்டும். முறுக்கா சேவா என்பதும், அதன் சேர்மானங்களும் சத்து விவரமும் ஒரு ஸ்டிக்கரில் வரட்டும். விலையையும் பேட்ச் எண்ணையும் தேதியையும் கோடர் இயந்திரம் அடிக்கட்டும். ஸ்டிக்கர் அச்சுக்கு நமக்குச் சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது, குறைந்த எண்ணிக்கையிலும் அடித்துக் கொடுப்பார்கள்.

ரகம் மாற்றும் ஒவ்வொரு முறையும் ரோல் நேராக ஓடி, சீல் பிடித்து, கண் அடையாளம் (எங்கே வெட்டுவது என்று இயந்திரத்துக்குக் காட்டும் அச்சுக் குறி) ஒத்து வரும்வரை சில மீட்டர் பிலிம் போகும். காலையில் முறுக்கு, பத்து மணிக்குச் சேவு, மதியம் மறுபடி முறுக்கு என்று ஓட்டினால் அந்த இழப்பு மூன்று தடவை. ஒரு நாள் ஒரு ரகம் என்று ஓட்டினால் ஒரே தடவை. வெட்டு மிச்சங்களைப் பெருக்கித் தரைத் தூசியோடு அள்ளாமல், இயந்திரத்தின் பக்கத்திலேயே ஒரு சாக்குக் கட்டிப் போடுங்கள். சுத்தமான, ஒரே வகைப் பிலிம் துண்டுக்கு ஸ்கிராப் கடையில் விலை உண்டு. முறுக்குத் தூளும் எண்ணெயும் கலந்ததை எடுக்க ஆளில்லை.

இப்போது எந்தப் பிலிம் என்ற கேள்விக்கு வருவோம். வாங்கியவர் வீட்டில் தின்று முடித்த பிறகு அந்தக் கவருக்கு என்ன ஆகும் என்பது இங்கேதான் முடிவாகிறது. பால் பாக்கெட்டைப் பாருங்கள். ஒரே வகை பாலிஎத்திலீன். கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்கிறார். அதே வீட்டின் மசாலா கவருக்கும் சிப்ஸ் கவருக்கும் அவர் கையை விரிக்கிறார். காரணம், அவற்றில் பல, பாலியெஸ்டரும் பாலிஎத்திலீனும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவை. பிரிக்க வழியில்லை.

உங்களுக்கு அந்த வகை தேவையில்லை. வெளியடுக்கு, மெட்டலைஸ்டு அடுக்கு, சீல் அடுக்கு மூன்றுமே பாலிபுரொப்பிலீன் குடும்பத்தில் கிடைக்கின்றன. வெளியடுக்குக்குப் பிஓபிபி, நடுவில் மெட்டலைஸ்டு பிஓபிபி, சீல் அடுக்குக்குச் சிபிபி என்று கேளுங்கள். ஒரே குடும்பமாக இருந்தால் மறுசுழற்சிக்குப் போக வழி இருக்கிறது. பேப்பர் கவர் என்று உங்களிடம் காட்டுவது அநேகமாக வெளியே பழுப்புத் தாளும் உள்ளே பிளாஸ்டிக் படலமும் ஒட்டியதாகத்தான் இருக்கும். பார்க்க மண்ணோடு சேர்ந்தது போல இருக்கும். ஆனால் 2022 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் பிளாஸ்டிக் பேக்கேஜிங் வழிகாட்டு நெறிகளில், பிளாஸ்டிக் அடுக்கோடு வேறு பொருளின் அடுக்கும் சேர்ந்த பேக்கிங் தனி வகை. மறுசுழற்சிக்கு மிகவும் சிரமம் கொடுப்பதும் அதுதான். தாள் ஆலைக்கு அதிலுள்ள பிளாஸ்டிக் தொல்லை, பிளாஸ்டிக் ஆலைக்கு அதிலுள்ள தாள் தொல்லை. வாடிக்கையாளர் மனசுக்கு நல்லதாகத் தெரிகிறது என்பதற்காக இதற்கு மாறாதீர்கள் என்று உங்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

மக்கும் கவர் என்று வருவதையும் விசாரித்து வாங்குங்கள். அவற்றில் பல, தொழில்முறை உரக்கூடத்தின் சூட்டிலும் ஈரத்திலும்தான் மக்கும். மதுரையின் வெள்ளக்கல் குப்பைக் கிடங்கில் மற்றதோடு கலந்து கிடந்தால் மக்குவதற்கான அந்தச் சூழல் அதற்குக் கிடைக்காது. ஈரத்தைத் தடுக்கும் திறனும் பிபி அளவுக்கு வராது.

பல அடுக்கை ஒட்டிச் செய்த கவர்களுக்கு ஒரு நல்ல வழி கண்டவர் நம்மூர்க்காரர்தான். திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், பிளாஸ்டிக் கழிவைக் கொண்டு சாலை போடும் முறையை உருவாக்கினார். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுக் காட்டினார். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. முறை எளிமையானது. சல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஒவ்வொரு கல்லையும் மெல்லிய படலமாக மூடும். பிறகு தார் சேர்த்தால் பிடிப்பு கூடும், தண்ணீர் உள்ளே இறங்காது. பால் கவருக்குக் கிடைக்கும் விலை கிடைக்காத மேலுறைகளையும் இதில் பயன்படுத்தலாம், பிவிசி வகைப் பிளாஸ்டிக்கை மட்டும் சேர்க்கக் கூடாது. இந்த ஊர் பெருமைப்பட வேண்டிய வேலை இது. ஆனாலும் இதை நம்பி நாம் எந்தக் கவரையும் தயாரிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. கவர் சாலைக்குப் போக வேண்டுமானால் யாராவது அதைப் பொறுக்கி, பிரித்து, சுத்தம் செய்து கொண்டுபோக வேண்டும். காற்றில் பறக்கும் ஆறு கிராம் கவரைக் குனிந்து எடுக்க ஒருவருக்கு என்ன கூலி கிடைக்கும்?

உங்கள் தொழிலில் பேக்கிங் கழிவை உடனே, பெரிய அளவில் குறைக்கக்கூடிய இடம் லைன் வண்டி. காலையில் கிளம்பி ராத்திரி அதே வண்டி அதே பட்டறைக்குத் திரும்புகிறது. அப்படியிருக்க அட்டைப்பெட்டி எதற்கு? ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து தக்காளி வருகிற மாதிரியான பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கி அனுப்புங்கள். கடையில் பாக்கெட்டை இறக்கிவிட்டுக் கிரேட் திரும்பி வந்துவிடும். நசுங்காது, அடுக்கினால் எடை பாக்கெட்மேல் விழாமல் கிரேட்டின் சுவரில் இறங்கும். வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் தங்களுக்குள் இப்படிப் பெட்டிகளைச் சுற்றவிட்டுத்தான் வேலை செய்கின்றன. சோடாக் கம்பெனிகள் காலி பாட்டிலை வாங்கிக்கொண்டு நிறைத்த பாட்டிலைத் தருவதும் இதே முறைதான். கிரேட் கடைக்காரர் கையில் தங்கும் என்றால் முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். நீலகிரியில் 2022இல் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் திரும்பினால் கொடுத்தார்கள். பணம் திரும்பும் என்று தெரிந்தால் பாட்டில் காட்டில் கிடக்காது. வெளியூர் பார்சலுக்கு மட்டும் அட்டைப்பெட்டி போதும்.

பேப்பருக்கும் இலைக்கும் இடம் இருக்கிறது. உங்கள் பட்டறை வாசலிலேயே அன்றைக்குப் போட்டதை அன்றைக்கே விற்கிறீர்களே, அங்கே தாராளமாக உபயோகியுங்கள். சுடச்சுட வாங்கி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறவருக்கு ஆறு மாதம் காக்கும் கவர் தேவையில்லை. அச்சடிக்காத, உணவுக்கான பழுப்புத் தாள் பையோ, வாழை இலையோ மந்தாரை இலையோ வைத்துச் சுற்றிய பொட்டலமோ போதும். பழைய செய்தித்தாள் மட்டும் வேண்டாம், அச்சு மை உணவில் இறங்கும் என்பதால் விதிப்படியும் தடை. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பை 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை. நான்-ஓவன் பை துணி மாதிரி இருந்தாலும் அதுவும் பிளாஸ்டிக், தடைப் பட்டியலில் உண்டு. மஞ்சப்பை கொண்டுவருகிறவருக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுங்களேன்.

கடைசியாக, பிலிமை மாற்ற முடிவெடுத்தால் சோதனையைக் கோடையில் செய்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். காய்ந்த காற்றில் எல்லாக் கவரும் நல்ல கவர்தான். ஐப்பசியில் மழை பிடித்ததும் பழைய கவரில் ஐம்பது, புதுக் கவரில் ஐம்பது என்று ஒரே நாள் முறுக்கைக் கட்டி, ஒவ்வொன்றின் எடையையும் நகைக்கடைத் தராசு போன்ற நுணுக்கமான தராசில் குறித்து, கடை அலமாரி மாதிரி ஒரு இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை திறக்காமலே எடை போடுங்கள். எடை ஏறினால் ஏறிய அளவு ஈரம் உள்ளே போயிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் இரண்டு வகையிலும் சிலவற்றைப் பிரித்துக் கடித்துப் பார்த்து, எந்த எடையில் மொறுமொறுப்பு போகிறது என்று எழுதிவையுங்கள். அந்த நோட்டோடு பிலிம் சப்ளையரிடம் உட்கார்ந்தால், எத்தனை மைக்ரான் போதும் என்பதை அவர் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடலாம். சிலிண்டர் ஆர்டரை அதற்குப் பிறகு கொடுங்கள்.